ஒற்றைப்பல்லும் சாய்ந்த தொப்பியும்

வரைபட அலுவலகத்தில் அவளை எல்லோரும் பசையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அடுத்தடுத்த தாள்களின் ஓரங்களைச் சேர்த்து ஒரே படமாக்குவது அவள் வேலை. காகிதமும் கோந்தும் இருந்த காலத்தில் சேர்ந்தவள். இப்போது எல்லாம் கணினித் திரையில்தான் நடக்கிறது, விரலில் பிசுபிசுப்பு இல்லை, பெயர் மட்டும் போகவில்லை. "பேர்லதான் பசை இருக்கு, சம்பளத்துல இல்ல" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மலையேறுகிறவர்களின் பருவம் தொடங்குவதற்கு முன் மேலாளர் அவள் மேசைப் பக்கம் வந்து நின்றார். அவர் வந்து நின்றாலே ஏதோ ஒரு வில்லங்கம் கூடவே வரும்.

"ரெண்டு பள்ளத்தாக்கையும் சேர்த்து ஒரே படமா போடணும்மா. நடுவுல இருக்கே அந்தச் சிகரம், அதுக்கும் ஒரே பேரா போட்டுடு."

"எந்தப் பேரு சார்?"

"அதெல்லாம் நீ பாத்துக்கோ. உனக்குத்தான் ரெண்டு பக்கமும் சொந்தக்காரங்க இருக்காங்களே!" என்று சொல்லிவிட்டு மனிதர் நைசாக நழுவிவிட்டார்.

அதுதான் வினையே. பசையக்கா பிறந்தது மலைக்குக் கிழக்கே, வாழ்க்கைப்பட்டது மலைக்கு மேற்கே. கிழக்கே இருந்து பார்த்தால் சிகரம் யாரோ அவசரத்தில் தலையில் கவிழ்த்த தொப்பி மாதிரி ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். அதனால் அங்கே அதற்குச் சாய்ந்த தொப்பி என்று பெயர். மேற்கே இருந்து பார்த்தால் தனியாக நிமிர்ந்து நிற்கும், ஒற்றைப்பல் என்பார்கள். பல் எப்படித் தொப்பி ஆகும் என்று சின்ன வயதில் அவள் கேட்டதுண்டு. கோணம் மாறினால் உருவம் மாறும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். பெரியவர்கள் எதற்கும் ஒரு பதில் வைத்திருப்பார்கள், அதைச் சரிபார்க்கத்தான் அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

பெயர் வந்த கதைகளுக்கும் பஞ்சமில்லை. மேற்கே முதன்முதலில் அளக்க வந்த அதிகாரி பல்வலியோடு வந்தாராம், கண்ணில் பட்டதெல்லாம் அவருக்குப் பல்லாகத் தெரிந்ததாம். இது கிழக்குக்காரர்கள் கட்டிவிட்ட கதை. கிழக்கே தொப்பியைக் காற்றில் பறிகொடுத்த விடுதிக்காரர் ஒருவர், அது மலை உச்சியில் போய் உட்கார்ந்துவிட்டதாக வருகிறவர்களிடமெல்லாம் அளந்தாராம். இது மேற்குக்காரர்கள் கட்டிவிட்ட கதை. நடுவில் ஓர் அதிகாரி தன் மேலதிகாரியின் பெயரையே சிகரத்துக்குச் சூட்டிப் பதவி உயர்வு வாங்கப் பார்த்தார். படம் அச்சாகி வருவதற்குள் இருவருக்கும் முட்டிக்கொண்டது, அடுத்த பதிப்பில் பெயரைக் காணோம். அந்தப் பெயருக்காக அழ ஒருத்தரும் இல்லை.

மற்ற இரண்டு பெயர்களுக்கும் உயிரைக் கொடுக்க ஆள் இருந்தது. ஒருவர் அவள் வீட்டுக்காரர். தகப்பன் காலத்திலிருந்து அவர்களுக்கு ஒற்றைப்பல் பேக்கரி. பல்லின் பெயரை வைத்துக்கொண்டு பல்லை உடைக்கிற ரஸ்க் விற்கிற ஒரே கடை உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். இன்னொருவர் அவளுடைய அண்ணன். கிழக்கே மலையேற்ற வழிகாட்டி, சாய்ந்த தொப்பி மலையேற்றக் கழகத்தின் தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அவரே.

இரண்டு பேருக்கும் பகை மூண்டது கல்யாணத்தன்றைக்கு. மாப்பிள்ளை தன் கையாலேயே மலை வடிவத்தில் கேக் செய்து, சர்க்கரைப் பாகால் 'ஒற்றைப்பல்' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் கத்தியை எடுத்தார். வெட்டப் போகிறார் என்று எல்லோரும் கை தட்டினார்கள். அவர் எழுத்தைச் சுரண்டினார். மாப்பிள்ளை கையைப் பிடித்தார். அப்புறம் கேக்கை யாரும் சாப்பிடவில்லை, சட்டைகள்தான் சாப்பிட்டன.

அன்றிலிருந்து அண்ணன் தங்கை வீட்டு வாசற்படியை மிதித்ததில்லை. அண்ணனைப் பார்க்க வேண்டுமென்றால் பசையக்காதான் மலையைச் சுற்றிக்கொண்டு பேருந்தில் போவாள். அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று அவளுக்கு மிச்சம் இருந்தது அந்த அண்ணன்தான். தன் கையால் சமைத்து, தன் வீட்டு மேசையில் அவரை உட்கார வைத்து ஒரு வேளை சாப்பாடு போட வேண்டும் என்பது அவளுக்குப் பேராசையாகவே ஆகிவிட்டது. புது அக்கம்பக்கத்தார் யாராவது "உங்களுக்குக் கூடப் பிறந்தவங்க இல்லையா?" என்று கேட்டால் அவள் பேச்சை ரஸ்க் பக்கம் திருப்பிவிடுவாள்.

படத்தின் சங்கதி எப்படியோ காற்றுவாக்கில் இரண்டு பக்கமும் போய்விட்டது. அண்ணன் தொலைபேசியில் வந்தார்.

"பாப்பா, நம்ம பேரு வரலேன்னா, உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இருக்கான்ங்கறதையே மறந்துடு. ஆமா, சொல்லிட்டேன்."

வீட்டுக்காரர் அவ்வளவு தூரம் போகவில்லை. மாவு பிசைந்துகொண்டே, "நீ என்ன வேணா எழுதும்மா, நான் ஒண்ணும் சொல்லல" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்று அவர் சொன்னால் ஒரு மாதத்துக்கு ஒன்றும் சொல்ல மாட்டார் என்று அர்த்தம். அந்த மௌனத்தோடு குடித்தனம் நடத்துவதற்கு, சண்டை போடுகிறவரோடு நடத்திவிடலாம்.

இரண்டு பெயரையும் போட்டால் என்ன என்று யோசித்தாள். போடலாம். ஆனால் ஒன்றை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். அடைப்புக்குறிக்குள் உட்கார யார் சம்மதிப்பார்கள்? கையைப் பிசைந்துகொண்டு திரையைப் பார்த்தாள். முதலில் தாள்களைச் சேர்த்துவிடலாம், பெயர் வம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையை ஆரம்பித்தாள்.

அந்தச் சிகரம் இரண்டு தாள்களும் சந்திக்கிற ஓரத்தில், சரியாகக் கோட்டின் மேல் வர வேண்டியது. மேற்குத் தாளை அளந்தவர்கள் மேற்குப் பள்ளத்தாக்கில் நின்று பார்த்து அளந்திருந்தார்கள், கிழக்குத் தாளை அளந்தவர்கள் கிழக்கே நின்று. ஒருவரும் மேலே ஏறிப் பார்க்கவில்லை. ஆகாயத்திலிருந்து எடுத்த படங்களில் உச்சி எப்போதும் மேகத்துக்குள் ஒளிந்திருந்தது. இரண்டு தாள்களையும் சேர்த்தபோது மேற்கின் சிகரம் கோட்டுக்கு இந்தப் பக்கமும் கிழக்கின் சிகரம் அந்தப் பக்கமுமாகத் தள்ளித் தள்ளி நின்றன.

மேலாளருக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. "ஓரத்துல கொஞ்சம் முன்ன பின்ன இருக்கத்தான் செய்யும். ரெண்டையும் இழுத்து நடுவுல ஒட்டிடு" என்றார்.

இழுத்து ஒட்டுவது அந்த அலுவலகத்தின் தொன்றுதொட்ட வழக்கம். ஓரத்தில் ஒரு குளம் அரைக் குளமாக நின்றால் இழுத்து முழுக் குளமாக்குவார்கள், சாலை விலகி நின்றால் லேசாக வளைத்துச் சேர்ப்பார்கள். தாள் தப்பாக இருக்கும் என்று நினைப்பார்களே தவிர, தரையில் உண்மையாகவே அப்படித்தான் இருக்குமோ என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பசையக்காவே எத்தனையோ இடங்களைப் பூசி மெழுகியவள்தான். இதையும் இழுக்கத்தான் சுட்டியைப் பிடித்தாள்.

பிடித்த கை நின்றது. அதே ஓரத்தில் மேலே ஓர் ஓடை, இரண்டு தாளிலும் அச்சுப் பிசகாமல் சேர்ந்தது. கீழே ஒரு மண் பாதை, அதுவும் சேர்ந்தது. ஓடை சேர்கிறது, பாதை சேர்கிறது, நடுவில் மலை மட்டும் எப்படிச் சேராமல் போகும்? அளந்தவர்களுக்கு மலையைக் கண்டதும் மட்டும் கண் மங்கிவிட்டதா?

"போய்ப் பாத்துட்டு வரேன் சார்" என்றாள்.

"எங்க?"

"மேல."

மேலாளர் அவளைத் தலை முதல் கால் வரை ஒரு முறை பார்த்தார். படத்தில் ஆயிரம் மலை ஏறியவள், ஆபீஸ் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறவள். "பாத்துப் போம்மா" என்று மட்டும் சொன்னார், நல்ல மனிதர்.

தனியாகப் போகிற உத்தேசம் அவளுக்கு இல்லை. சண்டைக்காரர்கள் இரண்டு பேரையும் சிகரத்தின் மேலேயே நிறுத்தி, கீழே உருட்டிவிடுவதா வேண்டாமா என்று அங்கே வைத்து முடிவு செய்யலாம் என்று திட்டம். வீட்டுக்காரரிடம், "நீங்க பாதியிலேயே உக்காந்துடுவீங்களாம், அண்ணன் சொல்றார்" என்றாள். அண்ணனிடம், "உனக்கு முட்டி போச்சாமே, இவரு சொல்றார்" என்றாள். இரண்டுமே கலப்படமில்லாத பொய். ஆனால் பலித்தது. மறுநாளே பேக்கரியில் 'கடை விடுமுறை' அட்டை தொங்கியது. கிழக்கே ஒருவர் பழைய பூட்ஸுக்கு எண்ணெய் போட்டார். அவரவர் பக்கத்திலிருந்து ஏறி உச்சியில் சந்திப்பது என்று ஏற்பாடு.

ஏறுவதற்குள் பசையக்காவுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. வீட்டுக்காரர் முன்னால் நடந்து, பின்னால் திரும்பி, ஒவ்வொரு வளைவிலும் "இதோ வந்தாச்சு" என்றார். வரவில்லை. கடைசியில் வந்தபோது அங்கே ஒரு கல் குவியலும், மேற்கே இருந்து வருகிறவர்கள் எல்லாம் பெயர் கிறுக்கிவைத்த ஒரு பலகையும் இருந்தன. நல்ல உச்சி, நல்ல காற்று. அண்ணனைத்தான் காணோம்.

"நான் சொல்லல? வரமாட்டார்" என்றார் வீட்டுக்காரர், பெரிய வெற்றியோடு. பசையக்கா தொலைபேசியை எடுத்து, இருவரும் கேட்கிற மாதிரி சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

"அண்ணா, எங்க இருக்கே?"

"எங்கேன்னா? மேலதான். உங்களைத்தான் காணோம்."

"நாங்களும் மேலதான் நிக்கிறோம்."

"பாப்பா, நான் கல் குவியல் பக்கத்துல நிக்கிறேன். இங்க ஒரு ஈ காக்கா இல்ல."

வீட்டுக்காரருக்குத் தாங்கவில்லை. "உங்கண்ணன் டீக்கடையில உக்காந்துட்டு ரீல் விடறார்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு! ரொட்டிக்காரர்தான் அடுப்படியில நின்னு பேசறார். அனல் இங்க வரைக்கும் அடிக்குது!"

"விசில் அடி அண்ணா" என்றாள் அவள்.

அண்ணன் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். அது போனில் கீச்சென்றது. அதே சத்தம் நேரிலும் கேட்டது. கீழே இருந்து இல்லை, முதுகுப் பக்கத்திலிருந்து. பசையக்கா திரும்பினாள். கல் குவியலுக்குப் பின்னால் ஒரு பள்ளம், அதற்கு அப்பால் மேகத்துக்குள் பாதி மறைந்த ஒரு பாறைத் திட்டு.

"அது என்னங்க?"

"அதுவா, பின்மேடு. வெறும் சரளைக் கல்லு. யாரும் போக மாட்டாங்க."

போனில் அண்ணன் இடையில் புகுந்தார். "நீங்க பின்மேட்டுக்கு அந்தாண்ட எங்கேயோ நிக்கிறீங்கன்னு நினைக்கிறேன். என் பின்னாலதான் இருக்கு அது. எங்க ஆளுங்க யாரும் போறதில்ல."

பசையக்கா போனை வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். "ரெண்டு பேரும் இப்ப அதுக்கு என்ன பேரு சொன்னீங்க?"

"பின்மேடு" என்றார் வீட்டுக்காரர். "பின்மேடு" என்றது போன்.

அவரவர் ஊரிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத, அவரவர் உச்சியில் நின்றால் முதுகுக்குப் பின்னால் இருக்கிற ஒன்று. அதற்கு இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாக ஒரே பெயரை வைத்து, அதை மதிக்கவும் மறந்திருக்கிறார்கள். உச்சிக்கு வந்தாகிவிட்டது, படம் எடுத்தாகிவிட்டது, அதற்கு மேல் யார் பின்னால் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

"அண்ணா, அங்க வா. நீங்களும் வாங்க. அதும்மேல போய்ப் பாக்கணும்."

"நான் ஏன் என் இடத்தை விட்டு இறங்கணும்? அவர் வரட்டும்" என்றது போன். "மரியாதைன்னா அவர்தான் வரணும்" என்றார் வீட்டுக்காரர். இரண்டு பேரும் அவரவர் கல் குவியலை விட்டு நகர மாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள்.

பசையக்காவுக்கு வந்ததே கோபம். இத்தனை வருஷமாக இரண்டு பேருக்கும் நடுவில் மாறி மாறி அலைந்த கோபம் எல்லாம் சேர்ந்து வந்தது. "நில்லுங்க, நல்லா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, உயரம் காட்டுகிற அலுவலகக் கருவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவளே பள்ளத்தில் இறங்கினாள். சரளை காலுக்கடியில் ஓடியது. ஒரு இடத்தில் வழுக்கி முட்டி சிராய்த்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் திரும்பிப் போய் அந்த இரண்டு முகங்களைப் பார்ப்பதை நினைத்தபோது பயம் பரவாயில்லை என்று பட்டது. கையும் காலுமாகத் தொற்றி ஏறினாள்.

மேலே போய் நிமிர்ந்தபோது மேகம் ஒதுங்கியது. மேற்கே ஒற்றைப்பல்லின் முனையில் இடுப்பில் கை வைத்தபடி அவள் வீட்டுக்காரர். கிழக்கே சாய்ந்த தொப்பியின் முனையில், அதே மாதிரி இடுப்பில் கை வைத்தபடி அவள் அண்ணன். கருவியைப் பார்த்தாள். இரண்டையும் விட அவள் நின்ற இடம்தான் உயரம். மலை ஒன்றுதான். ஆனால் இவர்கள் இத்தனை காலமும் சிகரம் சிகரம் என்று அடித்துக்கொண்டது அதன் இரண்டு தோள்களுக்காக. பசையக்காவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் நிற்கவில்லை.

"கேக்குதா?" என்று போனில் சொன்னாள். "ரெண்டு பேரும் எனக்குக் கீழ நிக்கிறீங்க!"

சொன்ன வேகத்தில் ஓர் அடி பின்னால் வைத்தாள். கல் ஒன்று பெயர்ந்து உருண்டது, இன்னும் நாலைந்தைக் கூட்டிக்கொண்டு போனது. அவள் தடுமாறி உட்கார்ந்துவிட்டாள்.

"பாப்பா! அசையாதே!" என்று அண்ணன் போட்ட சத்தத்துக்குப் போனே தேவைப்படவில்லை. "ஏய், அப்படியே இரு! வந்துட்டேன்!" என்று இந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்காரர் கத்தினார். மரியாதையையும் கல் குவியலையும் அங்கேயே போட்டுவிட்டு இரண்டு பேரும் ஓடி வந்தார்கள். யார் முதலில் வந்தது என்று இன்றுவரை முடிவாகவில்லை. ஆளுக்கொரு கையைப் பிடித்து அவளைத் தூக்கி நிறுத்தினார்கள்.

"பொண்டாட்டியத் தனியா அனுப்பிட்டு வேடிக்கை பாக்கறதா மாப்ள?"

"தங்கச்சி தனியா ஏறுறான்னு தெரியுதில்ல, விசில் ஊதிட்டு நின்னீங்களே மச்சான்?"

அவர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள், ஆனால் அவள் கையை இரண்டு பேருமே விடவில்லை. பசையக்காவுக்கு இந்தச் சண்டையை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கேட்கலாம் போல இருந்தது. பிறகு கருவியைக் காட்டி, படத்தில் மூன்று பெயர் வரும் என்று விளக்கினாள். மேற்குத் தோளுக்கு ஒற்றைப்பல், கிழக்குத் தோளுக்குச் சாய்ந்த தொப்பி. இரண்டுக்கும் அடைப்புக்குறி கிடையாது. உச்சிக்கு, இரண்டு ஊரும் ஒரு சண்டையும் இல்லாமல் வைத்த பெயர்.

"அப்ப உசரமான சிகரத்துக்குப் பின்மேடுன்னா பேரு?" என்றார் அண்ணன், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

"நல்லாவே இல்லையே" என்றார் வீட்டுக்காரர்.

"ஆமா மாப்ள, கேவலமா இருக்கு."

இரண்டு பேரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. அவள் அங்கிருந்தே மேலாளருக்குப் போன் போட்டு, "இழுத்து ஒட்ட முடியாது சார், தாள் ரெண்டும் சரிதான், நாமதான் தப்பு" என்றாள். மேலாளர் பெருமூச்சு விட்டு, வந்து பேசலாம் என்றார்.

வீட்டுக்காரர் பையைத் திறந்து ரஸ்க்கை எடுத்தார். அண்ணன் ஒன்றைக் கடித்து, தாடையைத் தடவிக்கொண்டு, இன்னொன்றை எடுத்தார். சாப்பிட்டபடி மேற்குப் பக்கம் திரும்பி நின்றார். பிறந்ததிலிருந்து இந்த மலையிலேயே ஏறி இறங்கியவர், அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. கீழே ஓர் ஆறு, பாலம், வரிசையாகக் கூரைகள். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல உன் வீடு எது பாப்பா?"

 வீட்டுக்காரர்தான் கையை நீட்டினார். "பாலத்துக்கு இந்தப் பக்கம் பாருங்க மச்சான். புகைபோக்கி தெரியுதா, அது கடை. ஒட்டினாப்பல பச்சைத் தகரக் கூரை, அதுதான்."

அண்ணன் இடுப்பிலிருந்த தூரக்கண்ணாடியை எடுத்துப் பொறுமையாகத் தேடினார். "கொடியில துணி காயுதே, அதுவா?"

"அதேதான்."

"நீலப் போர்வை ஒண்ணு."

"அது அம்மாவோடது அண்ணா" என்றாள் அவள். "என் கூடவே கொண்டுவந்துட்டேன்."

அவர் கண்ணாடியைக் கண்ணிலிருந்து இறக்காமலேயே நின்றார். கொஞ்ச நேரம் கழித்து, "மழை வரும் போலிருக்கு. நனைஞ்சுடும்" என்றார். கண்ணாடியை உறையில் போட்டார். தன் பக்கத்துப் பாதையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"எனக்கு இந்தப் பக்கம் வழி தெரியாது" என்றார், எத்தனையோ பேருக்கு முன்னால் நடந்து மலை காட்டிய மனிதர். "நீங்க முன்னால போங்க மாப்ள."